கலைச்செல்வியின் நானூறு சிசி

இலங்கைக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தப்பு எது என்று பார்க்கப் போனேன்.

கோயம்புத்தூரில் பதினெட்டு வருடமாக மோட்டார் சைக்கிள் பைகள் தைக்கிறேன். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தொங்குமே, அந்தப் பைகள். லடாக் போனவர்கள், மேகாலயா போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து படம் காட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு சொட்டு இறங்கியதாக யாரும் சொன்னதில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

போன மழைக்காலத்தில் இரத்தினபுரியிலிருந்து கலைச்செல்வி என்ற பெண்ணின் குரல்பதிவு வந்தது. "அண்ணே, உங்க பை பாக்க நல்லாத்தாங்க இருக்கு. ஆனா தண்ணி வந்துருச்சு. பத்து வருசமா எழுதின நோட்டு நனஞ்சு போச்சு. எனக்கு வேற பை வேணாங்க. ஏன் வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். ஏன் என்று மட்டும் கேட்டதுதான் உறுத்தியது. எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் ஓட்டுவது ஜப்பானில் செய்த பழைய நானூறு சிசி ஸ்போர்ட் டூரர். எங்கள் ஊரில் அது விற்பனைக்கே வந்ததில்லை. அளவு கேட்டு வாங்கித் தைத்து அனுப்பியிருந்தேனே தவிர, வண்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஊசி, மெழுகு நூல், ஒட்டும் நாடா எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கொழும்பிலிருந்து பேருந்து. மழை பிடித்துக்கொண்டது. என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறவில்லை. பக்கத்தில் இருந்த சிங்களப் பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் பேருந்துக்குள்ளேயே குடையை விரித்து என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். அப்படியே ஒரு மணி நேரம். நடத்துநர் ஏதோ கத்தினார், பாதிப் பேருந்து எழுந்து இறங்கியது, நானும் இறங்கினேன். பேருந்து போய்விட்டது. எதிர்க் கடைக்காரரிடம் "இரத்தினபுரி?" என்று கேட்டேன். அவர் சாலையைக் காட்டிக் கைவிரல் பத்தையும் விரித்தார். இன்னும் பத்து கிலோமீட்டர். நான் இறங்கியிருந்தது குருவிட்ட.

கலைச்செல்விக்குப் போன் செய்தேன். "அங்கயே நில்லுங்கண்ணே, வர்றேன்" என்றார்.

கால் மணி நேரத்தில் வண்டி வந்து நின்றது. கருநீலம். முன்னால் மார்பளவுக்குக் கவசம், அதற்குமேல் உயரமான கண்ணாடி. பந்தய வண்டி மாதிரி குனிய வேண்டியதில்லை, கைப்பிடி உயர்ந்திருந்தது. பின் இருக்கை ஒரு ஆள் உட்கார்ந்து தூங்கலாம் போல அகலம். சத்தம் அடக்கமாக இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். மழைக்கோட்டுக்குக் கீழே கால்கள் நனைந்திருந்தன, மார்பும் முகமும் காய்ந்திருந்தன.

"ஏறுங்கண்ணே. வளைவுல நீங்க நிமிராதீங்க. நான் சாயிற பக்கமே சாயுங்க."

எனக்கு எண்பத்தாறு கிலோ. ஒரு பெண்ணின் பின்னால் உட்கார்ந்து போனதும் அதுதான் முதல் தடவை. சாலையோரக் கடைகளில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் பார்த்தது அந்தப் பைகளை. என் பைகள். ஊரில் மேசைமீது கிடந்தபோது இல்லாத களை இந்த வண்டியில் வந்திருந்தது.

கலைச்செல்வி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், நீதவான் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சப்பிரகமுவ மாகாணத்தில் தமிழர் குறைவு, இந்த வேலைக்கு ஆள் அதைவிடக் குறைவு. அதனால் எந்த நீதிமன்றத்தில் ஆள் இல்லையோ அங்கே இவரை அழைப்பார்கள். இன்று இரத்தினபுரி, நாளை கேகாலைப் பக்கம், மறுநாள் பலாங்கொடை.

நனைந்த நோட்டையும் காட்டினார். அதில் இருந்தது முழுக்கச் சொற்கள். "பெரட்டுன்னு ஒரு சாட்சி சொன்னா நீதவானுக்கு எப்புடிங்க புரியும்? காலையில தோட்டத்துல எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்புடுறது. அகராதியில கெடையாது. கேட்டுக் கேட்டு நானா எழுதினது." நீல மை பக்கம் பக்கமாகக் கரைந்து பரவியிருந்தது. பாதிப் பக்கங்களை வேறு நோட்டில் திரும்ப எழுதி முடித்திருந்தார். மீதிப் பாதியில் என்ன இருந்தது என்று அவருக்கே நினைவில்லை. நான் அதைக் கையில் வாங்கிக் கடைசித் தாள்வரை புரட்டினேன். 

இரத்தினபுரியில் அந்த வண்டியைப் பார்த்துக்கொள்பவர் ஃபலீல் நானா. முஸ்லிம் பெரியவர், அங்கே அண்ணன் என்பதற்கு நானா என்பார்கள். அவருடைய பட்டறையில் பையை மாட்டி, குழாயைப் பிடித்து மேலிருந்து தண்ணீர் அடித்தேன். உள்ளே பொட்டு ஈரம் இல்லை. பெருமையாக நிமிர்ந்தேன்.

"எனத்துக்கு மேல அடிக்கிறீங்க?" என்றார் ஃபலீல் நானா. "எங்கட ஊர் மழ கீழ ஈந்துதான் வாறது." கீழே இருந்து வருகிறதாம்.

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, இன்ஜினை முடுக்கிப் பின்சக்கரத்தைச் சுழல விட்டார். குழாயை டயரின்மேல் பிடித்தார். தண்ணீர் விசிறி மாதிரி எழுந்து பையின் உட்பக்கத்தில், வண்டியை ஒட்டியிருக்கும் முகத்தில், போய் அறைந்தது. ஐந்து நிமிடத்தில் பைக்குள் கையளவு தேங்கியது. வார்ப்பட்டை தைத்த இடத்தில் ஊசித்துளைகள். அங்கே நான் நாடா ஒட்டியதே இல்லை.

காரணம் உடனே விளங்கியது. எங்கள் ஊர் வண்டிகளில் சேலை சிக்காமல் இருக்கக் கம்பிக் காப்பு இருக்கும், நீளமான மட்கார்டு இருக்கும், அதற்குக் கீழே ரப்பர்த் தகடும் தொங்கும். சக்கரத்துச் சேற்றை அவை வாங்கிக்கொள்ளும். ஜப்பான்காரன் மட்கார்டின் வாலை வெட்டிவிட்டிருந்தான். பதினெட்டு வருடமாக என் பைகளைக் காப்பாற்றியது என் தையல் இல்லை, சேலைக் காப்பு.

வெட்கமாகத்தான் இருந்தது. ஃபலீல் நானா பழைய லாரி டியூப் ஒன்றை எடுத்துப் போட்டார். இரண்டு பேரும் உட்கார்ந்து பட்டைகளாக வெட்டி, உள்ளிருந்து ஒவ்வொரு தையலையும் மூடி ஒட்டினோம். இடையில் பாண் என்று அங்கே சொல்லும் ரொட்டியும் பருப்பும் வந்தன, பிளேன்டீ வந்தது. தேயிலை விளையும் நாட்டில் பால் இல்லாத தேநீர்! முதல் மிடறில் முகம் சுளித்தேன். மூன்றாவது கோப்பையை நானாகவே கேட்டு வாங்கினேன்.

மறுநாள் ஞாயிறு. பையைச் சோதிக்க றக்வானவுக்குப் போனோம். கலைச்செல்வி பிறந்த தோட்டம் அதற்கும் மேலே. வளைவுகளுக்கு முடிவே இல்லை. எதிரே பேருந்து வந்தால் அது முழுச் சாலையையும் எடுத்துக்கொள்கிறது. எங்கள் வால்பாறைச் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் என்று நாங்கள் பெருமை அடிப்போம். ஆனால் அங்கே எண்கூடப் போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே எண்ணினவர் யாரும் இல்லை.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அவர் வீட்டு வாசலுக்கு நாங்கள் போய்ச் சேரும்போதே ரொட்டி தட்டில் இருந்தது. கலைச்செல்வியின் அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கிறார். "பஸ்ஸுல வந்தா வாசல்ல வந்து நின்னாத்தாங்க தெரியும். இதுல வந்தா கீழ் வளைவுலயே எனக்குக் கேட்டுரும். அடுப்புல கல்லப் போட்டுருவேன்" என்றார். மிளகாய் இடித்துச் செய்த கட்டைச் சம்பலின் காரத்தில் என் காது அடைத்தது. அவர் அதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்க வேண்டியதை அங்கேதான் கேட்டேன். எத்தனையோ வண்டி இருக்க ஏன் இது?

"மொதல்ல பஸ்ஸுலதாங்க போனேன்" என்றார் கலைச்செல்வி. "அதே பஸ்ஸுலதான் சாட்சியும் வருவாங்க, எதிராளியும் வருவாங்க. ஒரு நாளு ஒரு அம்மா பசிக்குமேன்னு ரெண்டு வடை குடுத்தாங்க. சாப்புட்டேன். கோர்ட்டுல எதிர்ப்பக்கத்து லாயர் எந்திரிச்சு, மொழிபெயர்ப்பாளர் அவங்க ஆளு, கூட உக்காந்து சாப்புட்டத என் கட்சிக்காரர் பாத்தாருன்னுட்டார். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அன்னைக்குச் சந்தேகப்பட்டாங்க. அப்பறம் ஸ்கூட்டர் வாங்கினேன். கேகாலைக்கு ரெண்டரை மணி நேரம். ஈரச் சேலையோட நாலு மணி நேரம் கூண்டுப் பக்கத்துல நின்னிருக்கேன். முதுகு விட்டுப்போகும். முதுகு வலிச்சா காது கேக்காதுங்கண்ணே. காது கேக்கலைன்னா ஒரு வார்த்தை விட்டுப்போகும். ஒரு வார்த்தை விட்டா ஒரு ஆளு உள்ள போயிருவாரு."

பந்தய வண்டியைப் படுத்து ஓட்ட வேண்டும், இறங்கினால் மணிக்கட்டு மரத்துப்போகும் என்றார். உயரமான மலை வண்டியில் கால் எட்டாது. இதில் நேராக உட்காரலாம், கண்ணாடி மழையை வாங்கிக்கொள்ளும், வளைவில் சொன்னபடி கேட்கும், நெடுஞ்சாலையில் லாரிகளைத் தாண்ட மூச்சு இருக்கும். வலப்பக்கப் பையில் மடிப்பு எடுத்து ஊசி குத்திய சேலை, இடப்பக்கப் பையில் காகிதங்கள். போய் இறங்கினால் ஏழு நிமிடத்தில் தயார். நாட்டைவிட்டுப் போன ஒரு கொழும்புக்காரரிடம் இந்த வண்டி இருப்பது தெரிந்ததும் நாலு மாதம் விடாமல் அவருக்குப் போன் செய்து வாங்கியிருக்கிறார். "எனக்கு இதுதான் வேணும்னு தெரிஞ்சிருச்சுங்க. அப்பறம் வேற எதையும் பாக்கல."

றக்வானவிலிருந்து இறங்கும்போது மழை கொட்டியது. பட்டறையில் பையைத் திறந்தோம். உள்ளே வைத்திருந்த செய்தித்தாள் மொறமொறவென்று இருந்தது. ஃபலீல் நானா அதை என் காதருகே கசக்கிக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

திங்கட்கிழமை அவருக்குக் கேகாலை மாவட்டத்தில் ஒரு சிறு நகர நீதிமன்றம். வழக்கு இன்னும் முடியாததால் ஊர் பெயர் வேண்டாம். எனக்கும் அந்தப் பக்கம் போய் வரக்காப்பொலயில் கொழும்புப் பேருந்து பிடித்தால் போதும் என்பதால் விடிந்ததும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ருவன்வெல்லையைத் தாண்டி, இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் நிற்கும் ஓர் இடத்தில் வாகனங்கள் நின்றிருந்தன. மண் சரிந்து சாலையில் பாதிக்குமேல் மூடியிருந்தது. பேருந்து போகாது. ஓரமாக ஒரு வண்டிச் சக்கரம் போகும் அளவுக்கு மண்ணை ஒதுக்கி மோட்டார் சைக்கிள்களை மட்டும் விட்டார்கள். நின்ற பேருந்திலிருந்து இறங்கிய ஒரு தமிழ்ப் பெண், காய்ந்த வெள்ளைச் சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, என்ன செய்வது என்று தெரியாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலைச்செல்வி அவரைப் பார்த்ததும் வண்டியை மெதுவாக்கினார். ஆனால் அவர் அருகே நிறுத்தாமல் தள்ளிப் போய் நிறுத்தினார்.

"அண்ணே, அவங்கதான் இன்னைக்குச் சாட்சி. போன தடவை மொழிபெயர்க்க ஆள் இல்லாம தள்ளிப்போச்சு. இன்னைக்கும் வரலைன்னா திரும்பவும் தள்ளிருவாங்க."

"அப்ப நான் எறங்கிக்கறேன் தங்கச்சி. அவங்களை ஏத்திட்டுப் போங்க."

"நான் ஏத்தினா, அவங்க சொல்றது எல்லாம் நான் சொல்லிக்குடுத்ததுன்னு ஆயிரும்." கைப்பிடிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. அந்தப் பெண்ணை அங்கே விட்டுப் போவது அவருக்கும் எளிதாக இல்லை என்று தெரிந்தது.

"எனக்கு அவங்க யாரோதானுங்களே?" என்றேன்.

கலைச்செல்வி சாலையைப் பார்த்தபடி சொன்னார்: "நீங்க எறங்கி என்ன செய்யணும்னு நான் சொல்லலைங்கண்ணே. ஆனா வழக்கப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. நீங்க என் வண்டியில வந்தவரு."

இறங்கினேன். வண்டி மண் சரிவின் ஓரத்தில் நடை வேகத்தில் போனது. சேற்றில் பின்சக்கரம் ஒருமுறை வழுக்கியது, அவர் காலை ஊன்றவில்லை. அந்தப் பக்கம் ஏறியதும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்தப் பெண்ணை மாரியாயி என்று வைத்துக்கொள்வோம். "கோர்ட்டுப் பக்கம் போறேன், வர்றீங்களா?" என்று கேட்டேன். என் தமிழ் அவருக்கு விநோதமாக இருந்தது, ஆனாலும் வந்தார். சேற்றில் கை கொடுத்து நடத்திக் கடந்தோம். அந்தப் பக்கம் நின்ற ஆட்டோவில் ஏறினோம்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவர்தான் பேசினார். அவரும் கணவரும் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள். போன வருடம் ஒரு காலையில், வேலைக்கு நடுவே கணவர் சாலையோரம் போனார். வளைவில் ஒரு லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டிருந்தவரிடம் அரைகுறைத் தமிழ் தெரிந்த யாரோ வாக்குமூலம் எழுதினார்கள்.

"தண்ணி குடிக்கப் போனாருன்னுதாங்க சொன்னேன். அவரு குடிச்சிருந்தாருன்னு எழுதியிருக்காம். நானே சொன்னதா எழுதியிருக்காம். லயத்துல எல்லாரும் கேக்குறாங்க, ஒம் புருசனப் பத்தி நீயே அப்புடிச் சொல்லலாமான்னு. ஒரு சொட்டு நாக்குல வெச்சதில்லீங்க அந்த மனுசன்."

 எந்தத் தண்ணி என்று விளக்கிச் சொல்லுங்கம்மா என்று சொன்னால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. நான் அந்த வண்டியில் வந்தவன். வெளியே ரப்பர் மரங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுபோல ஒரு பயணம் வாழ்நாளில் செய்ததில்லை.

நாங்கள் போனபோது நீதிமன்றம் தொடங்கியிருந்தது. பொதுமக்கள் பெஞ்சில் கடைசியில் உட்கார்ந்தேன். கூண்டுப் பக்கத்தில் கலைச்செல்வி நின்றார். இளம்பச்சைச் சேலை, ஒரு மடிப்புக் கலையவில்லை. மாரியாயி கூண்டில் ஏறியபோது அவரை முன்பின் பார்த்திராதவர் போலத்தான் பார்த்தார்.

கேள்விகள் சிங்களத்தில் வந்தன. எனக்குக் கேட்டது தமிழ் மட்டும். குரலை ஏற்றாமல் இறக்காமல் கலைச்செல்வி கேட்டார்: "உங்கள் கணவர் அந்த நேரத்தில் வீதிக்கு எதற்காகப் போனார்?"

"தண்ணி குடிக்கப் போனாருங்க."

கலைச்செல்வி மொழிபெயர்க்கவில்லை. நீதவான் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். லாரிக்காரர் பக்கத்து வழக்கறிஞர் சட்டென்று எழுந்தார். நீதவான் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்: "ஐயா, சாட்சி சொன்ன சொல்லுக்குத் தமிழில் நீர் என்றும் பொருள் உண்டு, பேச்சு வழக்கில் மது என்றும் பொருள் உண்டு. எது என்று தீர்மானிப்பது என் வேலை அல்ல. நீதிமன்றமே கேட்க வேண்டும்."

நீதவான் கேட்டார். கலைச்செல்வி தமிழில் சொன்னார்: "எந்தத் தண்ணி என்று நீதிமன்றம் கேட்கிறது."

மாரியாயி விழித்தார். "எந்தத் தண்ணின்னா? பீலித் தண்ணிங்க. மலையிலருந்து குழாயில வந்து விழுமுங்களே, அந்தத் தண்ணி. பால் வெட்டி நாக்கு வறண்டா எல்லாரும் அங்கதாங்க குடிப்போம். ஐயாகூட வந்து குடிக்கலாம், நல்ல தண்ணி."

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். கலைச்செல்வி சிரிக்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தையும் விடாமல் நீதவானுக்குச் சொன்னார் என்பது நீதவானின் முகத்திலேயே தெரிந்தது. அவர் பேனாவை எடுத்தார். தலை குனிந்து நிதானமாக எழுதினார். 

தமிழ் மட்டுமே பேசி வாழ்பவன் நான், தமிழ்நாட்டில். கேட்டால் கேட்டவுடன் புரிந்துவிடும் ஊர். ஒரு சொல்லைப் போய்ச் சேர்க்க ஒருவர் இவ்வளவு தூரம் ஓட்டி வருவார் என்று எனக்குத் தெரியாது.  கலைச்செல்வி என் வாடிக்கையாளர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல ஆசையாக இருந்தது. பாஷை தெரியாததால் பிழைத்தேன்.

வழக்குக்கு வேறு தேதி கொடுத்தார்கள். லாரிக்காரருக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது. வெளியே வந்த மாரியாயி என்னைக் கண்டு அருகே வந்தார். "என்னங்க எழுதினாங்க?"

"நீங்க சொன்னத எழுதினாங்கம்மா."

சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு எதிர்க் கடையில் போய் ஒரு பிளேன்டீ வாங்கி, நின்றபடியே முழுதும் குடித்தார். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

மாலையில் வரக்காப்பொல. ஊருக்கு வாங்கிப் போக எள்ளுருண்டை கட்டித் தரச் சொல்லிவிட்டு நின்றோம். கலைச்செல்வி மறுபடியும் மழைக்கோட்டுக்குள் புகுந்திருந்தார். பளபளவென்று ஒரு பந்தய வண்டியில் வந்த சிங்கள இளைஞன் எங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். பைகளைத் தட்டிப் பார்த்தான். இந்த மாடல் இன்னும் ஓடுகிறதா என்று ஆச்சரியப்படுகிறான் என்றார் கலைச்செல்வி. பிறகு இப்படிப்பட்ட இளைஞர்கள் எந்த ஊரிலும் கேட்கும் கேள்வியைக் கேட்டான்: "அக்கா, எவ்வளவு வேகம் போகும்?"

கலைச்செல்வி ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டே சிங்களத்தில் சொன்ன பதிலை எனக்காகத் தமிழிலும் சொன்னார்:

"எட்டரைக்குப் போயிரும். கோர்ட்டு ஒம்பது மணிக்கு."